முதுகுவலிக்குக் கூட்டு மருத்துவம்: டகோமாவிலிருந்து தொடங்கிய வரலாறு

நாள்பட்ட முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் பல துறை மருத்துவர்கள் ஒன்றாக அமர்ந்து, ஒரே திட்டம் வகுத்து, சேர்ந்தே வைத்தியம் பார்க்கும் முறைக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு வயதாகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஒரு ராணுவ மருத்துவமனையில் அது முளைவிட்டது. 1980களில் அமெரிக்கா முழுவதும் தழைத்தது. பிறந்த நாட்டிலேயே 1990களின் பிற்பகுதியில் வாடத் தொடங்கியது. பலன் இல்லாததால் அது வாடவில்லை. மருத்துவச் செலவுக்குப் பணம் கட்டிய காப்பீட்டு நிறுவனங்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்ததே முக்கியக் காரணம்.

இந்த முறை வருமுன் முதுகுவலிக்கு மருத்துவம் தந்த பதில் பெரும்பாலும் ஓய்வுதான். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் ஓய்வையும் வலியையும் பற்றி ஆற்றிய உரைகள் 1863இல் நூலாக வந்து, பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாயின. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் எலும்பு, மூட்டு நோய்களுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்று பிடிவாதமாக நம்பினார். முறிந்த எலும்புக்கும் காசநோய் தாக்கிய மூட்டுக்கும் பொருந்திய அந்த நம்பிக்கை, காலப்போக்கில் சாதாரண முதுகுப்பிடிப்புக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் ரயில் விபத்தில் சிக்கியவர்கள், உடலில் வெளிக்காயம் இல்லாமலேயே முதுகுவலியால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இவர்களைப் பற்றி எழுதிய நூல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வலி உடம்பில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்று நோயாளியை இரண்டில் ஒரு பக்கம் தள்ளும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1934இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசப் பாரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க் என்ற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது, பிதுங்கியதை எடுத்துவிட்டால் வலி தீர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். கால்வலிக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. இன்றும் தகுந்த நோயாளிக்கு அந்த அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. ஆனால் அதன் புகழ் எல்லை தாண்டிப் போயிற்று. இடுப்போடு நின்றுவிடும் வலிக்கும் ஏதோ ஒரு ஜவ்வுதான் காரணம், அதைக் கண்டுபிடித்து வெட்டினால் போதும் என்ற எண்ணம் ஐம்பது ஆண்டு காலம் கோலோச்சியது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று, நான்கு அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டும் வலி குறையாதவர்கள் பெருகினார்கள். எலும்பு மருத்துவர் தன் வேலை முடிந்துவிட்டது என்பார். நரம்பு மருத்துவர் நரம்பில் குறையில்லை என்பார். மனநல மருத்துவர் இவருக்கு மனநோய் இல்லை என்று திருப்பி அனுப்புவார். யாருடைய நோயாளியும் அல்லாத இவர்களுக்காகத்தான் கூட்டு மருத்துவம் பிறந்தது.

அதைப் பெற்றெடுத்தவர் ஜான் பொனிக்கா. 1917இல் சிசிலிக்கு வடக்கே உள்ள ஃபிலிகூடி என்ற சின்னஞ்சிறு தீவில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். தந்தை சீக்கிரமே இறந்துவிட, செருப்புக்கு மெருகு போட்டும் செய்தித்தாள் விற்றும் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். மருத்துவப் படிப்புக்குப் பணம் சேர்க்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கினார். படிக்கும் பையன் மல்லுக்கட்டுவது ஆசிரியர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால், முகமூடி அணிந்து வேறொரு பெயரில் மேடை ஏறினார். அந்த மல்யுத்தம் அவருக்குப் படிப்பைக் கொடுத்தது. வாழ்நாள் முழுக்கத் தீராத மூட்டுவலியையும் கொடுத்தது. தோளிலும் இடுப்பிலும் பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட அவர், 1994இல் இறக்கும்வரை வலியோடேயே வலியைப் பற்றி எழுதினார். 1943இல் மனைவி எம்மாவின் முதல் பிரசவத்தின்போது, அனுபவமற்ற ஒருவர் ஈதர் கொடுத்ததில் எம்மாவின் மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது. உள்ளே ஓடிப்போய் அதைச் சரிசெய்து தாயையும் குழந்தையையும் காப்பாற்றியவர் பொனிக்காதான். மயக்க மருத்துவத்தை அவர் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டதற்கு அந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

1944இல் ராணுவம் அவரை வாஷிங்டன் மாநிலத்தின் மாடிகன் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பியது. 27 வயதில் மயக்க மருத்துவப் பிரிவின் தலைவர். ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவமனைக்குப் பசிபிக் போர்முனையிலிருந்து காயம்பட்ட சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காயம் ஆறிய பிறகும் பலருக்கு வலி போகவில்லை. துண்டிக்கப்பட்டு, இல்லாமலே போன காலில் வலிக்கிறது என்றார்கள். பொனிக்கா நூலகத்தில் தேடினார். அன்றைய பாடநூல்களில் வலிக்கு ஒதுக்கப்பட்டவை சில பக்கங்களே. நரம்பு அறுவை மருத்துவருக்கும் எலும்பு மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் நோயாளியை அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிய குறிப்புகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆகவே இவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து, கடினமான நோயாளிகளைப் பற்றி விவாதிக்கத் தொடங்கினார்கள். தனித்தனிக் குறிப்பில் கிடைக்காத விடை, நேருக்கு நேர் பேசும்போது கிடைத்தது. கூட்டு வலி மருத்துவத்தின் அடிப்படை விதி இந்த மேசையில்தான் உருவானது: பல நிபுணர்கள் பார்ப்பது போதாது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்.

போர் முடிந்ததும் 1947இல் அதே மாநிலத்தின் டகோமா நகரப் பொது மருத்துவமனையில் இதே முறையைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தார். பகலில் அறுவை அரங்கில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதி முடித்த வலி மேலாண்மை நூல் 1953இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,500 பக்கம். 1960இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் மயக்க மருத்துவத் துறையைத் தொடங்கி அவரைத் தலைவராக்கியது. வந்த கையோடு நரம்பு அறுவை மருத்துவர் லோவெல் வைட்டையும் செவிலியர் டோரதி க்ரோலியையும் சேர்த்துக்கொண்டு வலி மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நிறுவனர்களில் ஒரு செவிலியர் இருந்தது கவனிக்க வேண்டிய செய்தி. மருத்துவரிடம் பத்து நிமிடம் பேசும் நோயாளி, செவிலியரின் கண் முன்னால் நாள் முழுதும் நடக்கிறார், படுக்கிறார், உணவைத் தள்ளிவைக்கிறார். குழுவின் முடிவுக்கு அந்தக் கண் தேவைப்பட்டது.

பொனிக்காவின் தொடக்க காலக் கூட்டு முறை பெரும்பாலும் நோயறிதலுக்கே உதவியது. சிகிச்சை என்று வந்தால் நரம்பை மரக்க வைக்கும் ஊசியும் மருந்தும் அறுவையும்தான் கையிருப்பு. அதை மாற்றியவர் அதே பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். வலி உள்ளே இருக்கிறது, அதை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. ஆனால் வலியால் மனிதர் என்ன செய்கிறார் என்பதை எல்லாரும் பார்க்கலாம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட தொடக்கப்புள்ளி. முனகுவது, நொண்டுவது, படுத்துவிடுவது, மாத்திரை கேட்பது ஆகியவை சுற்றியிருப்பவர்களின் எதிர்வினையால் வளர்கின்றன என்றார். வலித்தால் படுக்கலாம், வலித்தால் மாத்திரை கிடைக்கும், வலித்தால் வீட்டார் அக்கறையோடு அருகே வருவார்கள் என்றாகிவிட்டால், எந்தப் பாசாங்கும் இல்லாமலேயே உடம்பு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. 1968இல் அவரும் சகாக்களும் இதை முதன்முதலில் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் பல்லாண்டுகளாக முதுகுவலியால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றியது அது. 1976இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் கையேடாயிற்று.

ஃபோர்டைஸின் வார்டில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. பின்னால் வந்த எல்லாத் திட்டங்களும் அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டவைதான். நோயாளி பல வாரம் உள்நோயாளியாகத் தங்குவார். முதல் சில நாட்கள், வலியோ களைப்போ வந்து நிறுத்தும்வரை உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள். எத்தனை முறை செய்தார் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அதைவிடச் சற்றுக் குறைவான எண்ணிக்கையை முதல் நாள் இலக்காக வைப்பார்கள். தோற்க முடியாத இலக்கு. அதன்பின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். ஓய்வு உண்டு; ஆனால் வலித்ததற்காக அல்ல, இலக்கை முடித்ததற்காக. தினசரி முன்னேற்றம் வரைபடமாக எழுதப்பட்டு எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டது. வலி மாத்திரைகளை இனிப்புப் பாகு ஒன்றில் கரைத்து, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் கடிகாரம் பார்த்துக் கொடுத்தார்கள். பாகின் அளவும் நிறமும் சுவையும் மாறாது; அதிலுள்ள மருந்து மட்டும் நோயாளியின் ஒப்புதலோடு வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். முனகலுக்கு ஊழியர்கள் பதில் சொல்லமாட்டார்கள். பத்தடி கூடுதலாக நடந்தால் வாய்விட்டுப் பாராட்டுவார்கள். கணவன் அல்லது மனைவியையும் வரவழைத்து, வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி தந்தார்கள்.

இதில் ஒரு கடுமை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வேதனைப்படுபவரின் முனகலைக் காதில் போட்டுக்கொள்ளாதது இரக்கமற்ற செயல் என்ற கண்டனம் அன்றே எழுந்தது. வலியைக் குறைக்காமல் வலியைப் பற்றிய பேச்சை மட்டும் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. பின்னால் வந்த உளவியலாளர்கள் இதை மென்மையாக்கி, நோயாளியின் அச்சத்தையும் தவறான நம்பிக்கைகளையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கும் முறையைச் சேர்த்தார்கள். ஆனால் இந்த வார்டிலிருந்து கூட்டு மருத்துவம் கற்றது ஒன்று உண்டு. ஒரு செவிலியர் மட்டும் மனமிளகி நேரத்துக்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டால், ஒரு மருத்துவர் மட்டும் அவசரப்பட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டால், வாரக்கணக்கான உழைப்பு வீணாகிவிடும். எனவே காவலாளி முதல் துறைத்தலைவர்வரை எல்லாரும் ஒரே பேச்சைப் பேசியாக வேண்டும்.

அறிவியலும் இதே திசையில் நகர்ந்தது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு வாயில் இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதைத் திறக்கவோ மூடவோ செய்கின்றன என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். கவனம், பயம், மனச்சோர்வு ஆகியவை வலியைக் கூட்டுவதற்கு உடலியல் வழி ஒன்று கிடைத்தது. 1977இல் ஜார்ஜ் எங்கல், நோயை உடல், உளம், சமூகம் என்ற மூன்று கண்ணோட்டத்திலும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எழுதியது குழுக்களுக்குத் தத்துவ அடித்தளமாயிற்று. இடையில் 1973இல் பொனிக்கா, சியாட்டிலுக்கு அருகே உள்ள இசக்வாவில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கூட்டினார். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் அந்தக் கூட்டத்தில்தான் உருவெடுத்தது. அதன் முதல் உலக மாநாடு 1975இல் ஃப்ளாரன்ஸில் நடந்தது.

ஐரோப்பாவில், குறிப்பாக சுவீடனில், கதை மருத்துவமனையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது. 1969இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகே டான்டெரிட் மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் மரியான் சாக்ரிசன் ஃபோர்செல் 'முதுகுப் பள்ளி'யைத் தொடங்கினார். எப்படி உட்காருவது, எப்படிக் குனிந்து தூக்குவது என்று நோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்துக் கற்பித்தார்கள். கோதன்பர்க்கில் ஆல்ஃப் நாஹெம்சன் தலைமையில் ஒரு குழு வால்வோ கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தது. அந்த மரபில் 1992இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. எட்டு வாரமாக முதுகுவலி விடுப்பில் இருந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இயன்முறை மருத்துவர் சோதித்து, அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே நேரில் போய் அங்கே என்ன தூக்குகிறார்கள், எப்படி வளைகிறார்கள் என்று பார்த்து, முதுகுப் பள்ளிப் பாடமும் ஃபோர்டைஸ் பாணி இலக்குப் பயிற்சியும் கொடுத்தார். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களைவிட இவர்கள் முன்னதாகவே வேலைக்குத் திரும்பினார்கள்.

ஓய்வின் ஆட்சியும் இதே பத்தாண்டுகளில் முடிவுக்கு வந்தது. 1986இல் ரிச்சர்ட் டெயோ குழுவினர் ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கையே போதும் என்று காட்டினார்கள். 1995இல் ஹெல்சின்கியில் நடந்த ஆய்வில், படுத்தவர்களையும் தனிப்பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். கிளாஸ்கோவின் எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1987இல், முதுகுவலிக்குப் பழைய எலும்பு மருத்துவப் பார்வை பொருந்தாது, ஓய்வு தருவதை விட்டு இயக்கம் தர வேண்டும் என்று எழுதினார். அறுவை மருத்துவர் ஒருவரே இதைச் சொன்னதால் அந்தக் குரலுக்கு எடை கூடியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது பழைய நம்பிக்கையை இன்னும் ஆட்டிவிட்டது. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில், 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. படத்தில் தெரியும் புடைப்பும் உடம்பில் இருக்கும் வலியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டல்லஸ் நகரில் எலும்பு மருத்துவர் டாம் மேயரும் உளவியலாளர் ராபர்ட் காட்செலும் 1980களில் இந்த முறைக்கு இன்னொரு வடிவம் கொடுத்தனர். வேலையிடத்தில் முதுகு பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் வேலையிழந்தவர்களே அவர்களிடம் வந்தார்கள். முதுகுத் தசையின் வலிமையையும் அசைவையும் கருவிகளால் அளந்து, எண்களை நோயாளியிடமே காட்டி, மூன்று வாரம் நாள் முழுதும் உடற்பயிற்சி, தூக்கும் பயிற்சி, மன ஆலோசனை, வேலைக்குத் திரும்புவதற்கான திட்டம் என்று நடத்தினார்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், இரண்டு ஆண்டுக்குப் பிறகு சிகிச்சை பெற்றவர்களில் 87 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 41 சதவீதத்தினரும் வேலையில் இருந்தனர். ஒப்பீட்டுக் குழுவினர் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்கள் அல்லர். காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்தவர்கள். அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குலுக்கல் முறையில் நடந்த பிற்கால ஆய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வரவில்லை.

கழுத்துவலிக்கு இந்த வரலாற்றில் கிடைத்த இடம் சிறியது. கார் விபத்தில் தலை முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழுத்துப்பட்டையும் ஓய்வுமே கொடுத்து வந்தார்கள். 1995இல் கியூபெக் அரசின் காப்பீட்டு அமைப்புக்காகக் கூடிய நிபுணர் குழு, சீக்கிரமே வழக்கமான வேலைக்குத் திரும்பச் சொன்னது. குழு மருத்துவம் கழுத்துவலிக்குப் பலன் தருகிறதா என்று தேடிய முறையான ஆய்வுத் தொகுப்பு ஒன்றுக்குக் கிடைத்தவை இரண்டே சோதனைகள். பெரும்பாலான மையங்கள் முதுகுக்கு வகுத்த திட்டத்தையே கழுத்துக்கும் கைக்கொண்டன. இந்தக் குறை இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

அமெரிக்காவில் சரிவு 1990களில் வந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் மொத்தத் திட்டத்துக்குப் பணம் தருவதை நிறுத்தி, இயன்முறை சிகிச்சையை ஒரு நிறுவனத்திடமும் மன ஆலோசனையை வேறொரு நிறுவனத்திடமும் ஒப்பந்தம் பேசின. ஊசிக்கும் அறுவைக்கும் மட்டும் தயங்காமல் பணம் கொடுத்தன. ஒரே கூரையின் கீழ் இருந்த குழு ஊரெங்கும் சிதறியது. 2003இல் காட்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இயன்முறை சிகிச்சையை இப்படி வெளியே பிரித்து அனுப்பிய நோயாளிகள், முழுத் திட்டத்தையும் ஒரே இடத்தில் பெற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள் என்று காட்டியது.  சிதறிப்போன நிபுணர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றுபோயிருந்தது. இதே காலத்தில் 1996இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. மூன்று வாரத் திட்டத்துக்குப் பதில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது எல்லாருக்கும் எளிதாயிற்று. அடிமைத்தனமும் சாவுகளுமாக அதற்கு அமெரிக்கச் சமூகம் கொடுத்த விலையை உலகமே அறியும். எந்த நாட்டின் வார்டில் பாகில் கரைத்து மருந்தைக் குறைத்தார்களோ, அந்த நாட்டிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டே போனது இந்த வரலாற்றின் மிக வேதனையான பகுதி. 2009இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை தன் ஒவ்வொரு வட்டாரத்திலும் வலி மறுவாழ்வுத் திட்டம் இருக்க வேண்டும் என்று விதித்தது. போர்க்காயம் பட்டவர்களுக்காகப் பிறந்த முறை அவர்களிடமே திரும்பிப் போனது.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. கோட்டிங்கனில் 1990களில் யான் ஹில்டபிராண்ட், மிகாயேல் ஃபிங்ஸ்டன் ஆகியோர் டல்லஸ் முறையைத் தழுவி முதுகுக்கான தீவிரத் திட்டம் ஒன்றை நடத்தினர். பல துறையினர் சேர்ந்து தரும் வலி சிகிச்சைக்கு மருத்துவமனைக் கட்டண விதிகளிலேயே தனிக் குறியீடு ஒன்று பின்னர் ஏற்பட்டது. குழு கூடி விவாதிப்பதும் அந்தக் கட்டணத்தின் நிபந்தனைகளில் ஒன்று. பேச்சுக்கும் பணம் உண்டு என்று ஒரு நாடு சட்டப்படி ஒப்புக்கொண்டதால் அங்கே குழுக்கள் நிலைத்தன. பிரிட்டனில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டி 1980களின் இறுதியில் உள்நோயாளித் திட்டம் தொடங்கியது. அதே நாட்டில் 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 349 நோயாளிகளை முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்கும் தீவிர மறுவாழ்வுத் திட்டத்துக்கும் பிரித்துப் பார்த்தது. அறுவையின் பக்கம் தெரிந்த சிறு அனுகூலம், அதன் செலவையும் ஆபத்தையும் நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை.

கூட்டு மருத்துவத்தின் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 2014இல் 41 சோதனைகளையும் 6,858 நோயாளிகளையும் சேர்த்து ஆராய்ந்த தொகுப்பு, வழக்கமான வைத்தியத்தைவிடக் குழு மருத்துவத்தால் வலியும் இயலாமையும் ஓரளவே கூடுதலாகக் குறைகின்றன என்றது. உடற்பயிற்சி போன்ற உடல் சார்ந்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், குழுவிடம் சிகிச்சை பெற்றவர்கள் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல். வலியை அடியோடு ஒழிப்பதாக ஃபோர்டைஸும் வாக்களித்ததில்லை. வலியோடு இருப்பவர் மறுபடி நடமாட வேண்டும், சம்பாதிக்க வேண்டும், வீட்டில் தன் இடத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே குறிக்கோள். அந்த அளவுகோலில் இந்த முறை தேர்ச்சி பெற்றுவிட்டது.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர். 2050இல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்கென முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓபியாய்டு மாத்திரைகளையும் இடுப்புப் பட்டையையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றும், நோயாளிக்கு எடுத்துச் சொல்லுதல், உடற்பயிற்சி, உளவியல் ஆதரவு ஆகியவற்றை அவரவர் நிலைக்கேற்ப இணைத்து வழங்க வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது.